மூச்சுக்கும் உச்சவரம்பு உண்டு

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஓர் எண்ணை மனப்பாடம் செய்தார்கள்: 94. விரலில் மாட்டும் சிறு கருவி அதற்குக் கீழே காட்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 2018 முதல் மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்ற அந்த வாரங்கள், ஆக்சிஜன் குறைந்தால் உயிர் போகும் என்பதை அழிக்க முடியாதபடி மனத்தில் எழுதிவிட்டுப் போயின. அதன் மறுபக்கத்தைப் பேச அது நேரமும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் கிடக்கும் ஒருவருக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? எந்த அளவைத் தாண்டினால் அந்த ஆக்சிஜனே நுரையீரலைப் புண்ணாக்கத் தொடங்கும்? கடந்த பத்தாண்டில் பல்லாயிரம் நோயாளிகளைக் கொண்டு இதற்குப் பெரிய ஆய்வுகள் நடந்துவிட்டன. முடிவுகளைப் பார்த்த பலர், கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பு அவசரப்பட்ட வாசிப்பிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. ஒரே கேள்விபோலத் தெரிவதற்குள் இரண்டு இருக்கின்றன. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதை எட்டுவதற்காக நுரையீரலுக்குள் எத்தனை சதவீத ஆக்சிஜனைச் செலுத்துகிறோம் என்பது மற்றொன்று. நுரையீரலை நேரடியாகத் தாக்குவது இரண்டாவது. ஆய்வுகள் இலக்கு வைத்துப் பிரித்துப் பார்த்ததோ முதலாவதை.

நுரையீரல் எப்படிப் புண்ணாகிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 1878இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர், மிகை அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசித்த விலங்குகளுக்கு வலிப்பு வருவதைக் காட்டினார். அது மூளையின் பாதிப்பு. 1899இல் ஜேம்ஸ் லோரெய்ன் ஸ்மித், அவ்வளவு அழுத்தம் தேவையில்லை, சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு உட்பட்ட செறிவான ஆக்சிஜனையே நாள்கணக்கில் சுவாசித்தால் சுண்டெலிகளின் நுரையீரல் நிமோனியா கண்டதுபோல் இறுகிவிடும் என்று கண்டறிந்தார். காரணம் விளங்க அரை நூற்றாண்டு ஆனது. 1954இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மனும் அவருடைய சகாக்களும், ஆக்சிஜன் மிகையும் எக்ஸ் கதிரும் உடலை ஒரே வழியில்தான் தாக்குகின்றன, இரண்டிலும் உருவாகும் தனி உறுப்புகளே (ஃப்ரீ ராடிக்கல்) குற்றவாளி என்று வாதிட்டனர். 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அத்தகைய சூப்பர்ஆக்சைடை அழிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்ததும் அந்த வாதம் உறுதிப்பட்டது. நாம் சுவாசிக்கும் 21 சதவீதத்துக்கு ஏற்ற அளவில்தான் இந்தத் தற்காப்பு அமைந்திருக்கிறது. விகிதம் பல மடங்கு ஏறும்போது அது திணறுகிறது. நுண்காற்றறைகளின் மெல்லிய சுவர் கசிகிறது, அழற்சி அணுக்கள் வந்து குவிகின்றன, நீர் கோக்கிறது, பிழைத்துக் கிடந்தால் பின்னர் தழும்பு இறுகுகிறது. நூறு சதவீத ஆக்சிஜனில் விடப்பட்ட எலிகள் ஏறக்குறைய மூன்று நாளில் செத்துவிடும். கூடவே இன்னொரு சேதமும் சத்தமின்றி நடக்கிறது. காற்றறைகள் சுருங்கிவிடாமல் தாங்கி நிற்பதில் ரத்தத்துக்குள் எளிதில் போகாத நைட்ரஜனுக்குப் பங்குண்டு. அதை முழுக்க வெளியேற்றிவிட்டு ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால், ஆக்சிஜன் ரத்தத்தில் கலந்ததும் சில காற்றறைகள் ஒட்டிப்போகின்றன.

மனிதர்களைப் பற்றிய பழைய சான்றும் இதே பக்கம் நிற்கிறது. 1945இல் அமெரிக்காவில் கொம்ரோவும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஆண்களை 24 மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தபோது, பெரும்பாலோருக்கு மார்பெலும்பின் பின்னால் எரிச்சலும் வலியும் வந்தன. 50 சதவீதம் சுவாசித்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது சதவீதம்கூட அல்ல, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். 1965 டிசம்பரில் ஜெமினி 7 விண்கலத்தில் ஃபிராங்க் போர்மனும் ஜிம் லவலும் ஏறக்குறைய 14 நாள் தூய ஆக்சிஜனையே சுவாசித்துவிட்டு நலமாகத் திரும்பினார்கள். கலத்தின் அழுத்தம் தரைமட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், அவர்கள் நுரையீரலுக்கு அது தரையில் சுமார் 34 சதவீதம் சுவாசிப்பதற்குச் சமம். ஆக, ஆக்சிஜன் நச்சுக்கு அளவு உண்டு, காலம் உண்டு. 40 சதவீதத்தில் வாரக்கணக்கில் கிடப்பதும் 90 சதவீதத்தில் இரண்டு நாள் கிடப்பதும் வேறு வேறு சங்கதிகள். ஐசியுவில் 60 சதவீதத்தை ஓர் எச்சரிக்கைக் கோடாக மருத்துவர்கள் கருதிவருவது இந்த வகைச் சான்றுகளை வைத்துத்தான். அது துல்லியமான எல்லை என்று யாரும் நிறுவியதில்லை. ஆனால் அதற்குக் கீழே ஆபத்துக்கான அறிகுறி குறைவு, மேலே கூடுதல் என்பதை மறுக்கவும் யாராலும் முடியவில்லை.

சிக்கல், நுரையீரல் ஏற்கெனவே நோயுற்றிருக்கும்போது தொடங்குகிறது. 1967இல் பாஸ்டனில் நாஷ், பிளெனர்ஹாசெட், பொன்டோப்பிடன் மூவரும் வென்டிலேட்டரில் இருந்து இறந்த 70 பேரின் நுரையீரல்களை ஆராய்ந்தார்கள். அதிக ஆக்சிஜனை நீண்ட நாள் வாங்கியவர்களின் நுரையீரல்கள் கனத்து, நீர் கோத்து, காற்றறைச் சுவரில் படலம் படிந்து கிடந்தன. அதே ஆண்டில்தான் ஆஷ்பாவும் சகாக்களும், விபத்தோ தொற்றோ ஏற்பட்ட 12 பேருக்குத் திடீரென்று நுரையீரல் இறுகி மூச்சுத் திணறல் வந்ததை விவரித்து, இன்று ஏஆர்டிஎஸ் என்று அழைக்கப்படும் நோய்க்கூட்டை அறிமுகம் செய்தார்கள். நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே படம். மோசமான நுரையீரலுக்குத்தான் அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. அப்படியானால் ஆக்சிஜன் கெடுத்ததா, கெட்டுப்போனதால் ஆக்சிஜன் ஏறியதா? இந்த முடிச்சை அவிழ்க்க 1970இல் பார்பரும் குழுவினரும், மூளை மீட்க முடியாதபடி சேதமடைந்த சில நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தூய ஆக்சிஜனும் மற்றவர்களுக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆக்சிஜன் பெற்றவர்களின் நுரையீரல் வேலை சரிந்தது. ஆயினும் எண்ணிக்கை மிகச் சிறியது.

இதற்கிடையில் இன்னொரு குற்றவாளி வெளிப்பட்டதால் ஆக்சிஜன் பின்னால் தள்ளப்பட்டது. 2000இல் வெளியான அமெரிக்க ஏஆர்டிஎஸ் கூட்டமைப்பின் ஆய்வில் 861 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் உடல் அளவுக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றைத் தள்ளியது. மறு பிரிவினருக்கு 6 மில்லிலிட்டர். முதல் பிரிவில் 39.8 சதவீதத்தினர் இறந்தனர், இரண்டாவதில் 31 சதவீதத்தினர். நுரையீரலை மிகையாக விரிப்பதே காயப்படுத்துகிறது என்பது அன்றோடு உறுதியானது. இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி, நம் விவாதத்துக்கு உயிர்நாடி: குறைவாகக் காற்று தள்ளப்பட்டவர்களின் ரத்த ஆக்சிஜன் நிலை முதல் சில நாள்களில் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. மானிட்டரை மட்டும் பார்த்திருந்தால் தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சை என்றே தோன்றியிருக்கும். பிழைத்தவர்கள் அவர்கள்தான். ரத்தத்தில் தெரியும் எண் நன்றாக இருப்பதும் நுரையீரல் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று இந்தத் துறையில் இல்லை.

ஆக்சிஜனின் கை தெளிவாகத் தெரியும் ஓர் இடமும் உண்டு. தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவர்கள் அதை நன்கு அறிவார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர்களின் நுரையீரலில் அந்த நஞ்சு சேர்ந்து, ஆக்சிஜனைத் திரும்பத் திரும்பச் சூப்பர்ஆக்சைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனைக் கூட்டுவது அந்த அடுப்புக்கு விறகு போடுவதுதான். மூச்சுத் திணறும் நோயாளிக்கு உடனே ஆக்சிஜன் வைக்கும் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, ரத்த ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கும்வரை மருத்துவர்கள் காத்திருக்கும் அரிய சந்தர்ப்பம் அது. இலங்கை இந்த நஞ்சை 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் படிப்படியாகத் தடைசெய்தது. புற்றுநோய் மருந்தான பிளியோமைசின் பெற்றவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது ஆக்சிஜனை அளந்து கொடுப்பதும் இதே அச்சத்தால்தான். தற்காப்பு நொதிகள் ஏற்கெனவே தோற்றுவிட்ட நுரையீரலில் ஆக்சிஜன் என்ன செய்யும் என்பதை இவை காட்டுகின்றன. நிமோனியாவோ, தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையான செப்சிஸோ தாக்கிய நுரையீரலிலும் அந்தத் தற்காப்பு நலிந்துதான் இருக்கும் என்று எண்ணக் காரணம் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தாராளமாக ஓடுவது ஏன்? ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் விதமே அதற்குத் தூண்டுகிறது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம், ஏறக்குறைய 90. 100 இருந்தால் 97, 98. அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் கருவி 100ஐத் தாண்டாது. 60க்குக் கீழே போனால் சரிவு செங்குத்து. நள்ளிரவில் சளி அடைத்தோ குழாய் நழுவியோ அளவு சரியும்போது, 99இல் இருப்பவருக்குச் சில நிமிட அவகாசம் கிடைக்கும் என்று செவிலியரும் மருத்துவரும் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அவகாசத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நூறு மில்லிலிட்டர் ரத்தம் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. தமனியின் ஆக்சிஜன் அழுத்தத்தை 100இலிருந்து 600க்கு உயர்த்தினாலும் அதில் கூடுவது ஒன்றரை மில்லிலிட்டர்தான். இன்னும் மோசம், 100 என்று காட்டும் கருவி, உள்ளே அழுத்தம் 120ஆ 400ஆ என்று சொல்லாது. கீழே போவதைக் கூவி அறிவிக்கும் கருவி மேலே போவதற்கு ஊமை. அலாரம் ஒரு பக்கம்தான் அடிக்கிறது. பழக்கமும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

முதலில் வந்த எதிர்ச்சான்றுகள் பதிவேடுகளிலிருந்து வந்தன. 2008இல் நெதர்லாந்தில் 36 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐசியு நோயாளிகளின் தரவு, ஆக்சிஜன் குறைந்தவர்களிடமும் மிகுந்தவர்களிடமும் மரணம் கூடியிருந்ததைக் காட்டியது. 2010இல் இதயம் நின்று மீண்ட 6,326 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில், தமனியின் ஆக்சிஜன் அழுத்தம் 300க்கு மேல் போனவர்களில் 63 சதவீதத்தினர் இறந்தனர். சரியான அளவில் இருந்தவர்களில் 45 சதவீதத்தினர். இவற்றை நான் அதிகம் நம்பவில்லை. நோய் முற்றியவருக்கு ஆக்சிஜனைத் திறந்துவிடுவது வழக்கம் என்பதால், மரணத்துக்குக் காரணம் ஆக்சிஜனா, முற்றிய நோயா என்று பதிவேடு பிரித்துச் சொல்லாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கும் ஆய்வுகள்தான் பேச வேண்டும். 2016இல் இத்தாலியின் மொடேனாவிலிருந்து வந்த ஆய்வு பேசியது: அளந்து ஆக்சிஜன் பெற்றவர்களில் 11.6 சதவீத மரணம், வழக்கம்போல் பெற்றவர்களில் 20.2 சதவீதம். ஆனால் 434 பேரை மட்டும் கொண்டு இடையில் நிறுத்தப்பட்ட ஆய்வு அது. ஓர் ஒற்றை மருத்துவமனையின் பாதி முடிந்த ஆய்வு மரணத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டினால் சந்தேகப்படுவதே முறை. 2017இல் பிரான்சில் செப்டிக் ஷாக் வந்த 442 பேருக்கு நடந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே ஒரு பிரிவினருக்கு முதல் 24 மணி நேரம் உண்மையாகவே நூறு சதவீத ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது. 28 நாளில் அவர்களில் 43 சதவீதத்தினர் இறந்தனர், மறு பிரிவில் 35. ஆபத்தின் அறிகுறி கண்டு ஆய்வு நிறுத்தப்பட்டது. மரண வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஆனால் நுரையீரலின் பகுதிகள் சுருங்கி ஒட்டிப்போவது ஆக்சிஜன் மிகுந்த பிரிவில் தெளிவாகக் கூடியிருந்தது.

பிறகு பெரிய ஆய்வுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆயிரம் பேர், டென்மார்க் தலைமையில் 2,928 பேர், அமெரிக்காவின் நாஷ்வில்லில் 2,541 பேர், 2025இல் பிரிட்டனில் 16,500 பேர். எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டேனிஷ் ஆய்வில் தமனி அழுத்தம் 60ஐ இலக்காகக் கொண்டவர்களில் 42.9 சதவீதத்தினரும் 90ஐ இலக்காகக் கொண்டவர்களில் 42.4 சதவீதத்தினரும் 90 நாளுக்குள் இறந்தனர். பிரிட்டிஷ் ஆய்வில் 35.4, 34.9. இத்தனை பெரிய எண்ணிக்கையில் இத்தனை நெருக்கமான முடிவு வந்த பிறகு, ‘குறைவே நிறைவு’ என்று பத்தாண்டுக்கு முன் எழுந்த உற்சாகம் அடங்கியாக வேண்டும். அடங்கியும் விட்டது. ஆனால் இதிலிருந்து ஆக்சிஜன் நுரையீரலுக்குக் கெடுதல் செய்யாது என்ற முடிவுக்குத் தாவுபவர்கள் ஒன்றைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். டேனிஷ் ஆய்வில் இரு பிரிவினரும் சுவாசித்த ஆக்சிஜன் விகிதத்தின் நடுமதிப்பு எவ்வளவு? ஒன்றில் 43 சதவீதம், மற்றதில் 56 சதவீதம். இரண்டுமே 60க்குக் கீழே. நுரையீரலைக் காயப்படுத்தும் என்று எலியும் மனிதனும் காட்டிய எல்லைக்கு இப்பால் நின்றுகொண்டு, இரண்டு பாதுகாப்பான அளவுகளைத்தான் பெரும்பாலான நோயாளிகளில் இந்த ஆய்வு ஒப்பிட்டது. பிரிட்டிஷ் ஆய்விலும் குறைத்த பிரிவினருக்குப் போன மிகை ஆக்சிஜன் சுமார் 29 சதவீதம்தான் குறைவு. ‘வழக்கமான சிகிச்சை’ என்று ஒப்பிடப்பட்டதே, முந்தைய ஆய்வுகளின் எச்சரிக்கையால் அதற்குள் கட்டுப்பாடாகிவிட்ட சிகிச்சை. வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை. தூய ஆக்சிஜனை ஒரு நாள் முழுக்கக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் மட்டும் நுரையீரல் சுருக்கம் கூடியது ஏன் என்பதற்கும் இதுவே பதில்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. அப்படியென்றால் இலக்கை இன்னும் இறக்கலாமே. ரத்தத்தில் 85 போதும் என்று விட்டால் நுரையீரலுக்குப் போகும் ஆக்சிஜனையும் வெகுவாகக் குறைக்கலாமே? எவரெஸ்டில் ஏறிய மருத்துவர்கள் 8,400 மீட்டர் உயரத்தில் தங்கள் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்ததில் சராசரி ஆக்சிஜன் அழுத்தம் 24.6 மில்லிமீட்டர்தான் இருந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். அந்த அளவிலும் அவர்கள் நடந்தார்கள், பேசினார்கள். உடல் இவ்வளவு தாங்குமென்றால் ஐசியுவில் ஏன் இத்தனை பதற்றம்? கேட்க அழகாக இருக்கும் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வாரக்கணக்கில் உயரத்துக்குப் பழகி, ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொண்ட வலுவான இதயமும், ரத்த அழுத்தம் விழுந்து ரத்தசோகையோடு கிடக்கும் நோயாளியின் இதயமும் ஒரே கணக்கில் வராது. அந்த நோயாளியிடம் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2020இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, ஏஆர்டிஎஸ் வந்தவர்களில் ஒரு பிரிவினரின் தமனி அழுத்தத்தை 55 முதல் 70க்குள்ளும் மறு பிரிவினருடையதை 90 முதல் 105க்குள்ளும் வைத்தது. 205 பேருடன் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. 90 நாளில் குறைந்த பிரிவில் 44.4 சதவீதத்தினரும் கூடிய பிரிவில் 30.4 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். குறைந்த பிரிவில் ஐந்து பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் குடல் அழிந்தது. மறு பிரிவில் ஒருவருக்கும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இதயம் நின்று மீண்டவர்களுக்கு ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. 90 முதல் 94 வரை வைக்கப்பட்டவர்களில் 38.3 சதவீதத்தினரும், 98 முதல் 100 வரை வைக்கப்பட்டவர்களில் 47.9 சதவீதத்தினரும் உயிரோடு வீடு திரும்பினர். இவ்விரண்டும் சிறிய ஆய்வுகள், இடையில் நின்றவை. மொடேனா ஆய்வைச் சந்தேகித்த அதே கண்ணால் இவற்றையும் பார்க்க வேண்டும்தான். ஆனால் தரையைத் தொடும் அளவுக்கு இறக்குவது பாதுகாப்பு என்று சொல்ல எந்தச் சான்றும் நம் கையில் இல்லை என்பதற்கு இவை போதும்.

ஒரு பக்கத்து ஆபத்தைக் கண்டு மிரண்டு மறு பக்கத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் ஏற்கெனவே குழந்தைகளின் உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. 1940களில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். 1942இல் பாஸ்டனில் டெரி என்ற கண் மருத்துவர், அப்படிப் பிழைத்த குழந்தைகள் கண்ணின் பின்புறம் தழும்பேறிப் பார்வை இழப்பதை எழுதினார். ஆக்சிஜன் மேல் சந்தேகம் விழ 1951 ஆனது. மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் அதைச் சுட்டினார். 1953-54இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு குற்றத்தை நிரூபித்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். உடனே 40 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே என்ற கட்டுப்பாடு வந்தது. பார்வையிழப்பு சரிந்தது, நுரையீரல் முதிராத குழந்தைகளின் மரணம் ஏறியது. 1973இல் பிரிட்டனைச் சேர்ந்த கிராஸ், ஒரு குழந்தையின் கண்ணைக் காப்பாற்ற 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று கணக்கிட்டார். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில்தான் பேரத்தின் சரியான விலை தெரிந்தது. சாச்சுரேஷனை 85 முதல் 89க்குள் வைத்த குழந்தைகளில் 19.9 சதவீதமும், 91 முதல் 95க்குள் வைத்த குழந்தைகளில் 16.2 சதவீதமும் இறந்தன. கடுமையான கண் பாதிப்பு முதல் பிரிவில் பிழைத்தவற்றில் 8.6 சதவீதம், இரண்டாவதில் 17.9. இலக்கில் வித்தியாசம் ஆறு புள்ளிகள்தான், அதற்கு ஒரு பக்கம் கண், மறு பக்கம் உயிர். பெரியவர்களின் ஐசியு இந்த வரலாற்றை ஏதோ குழந்தை மருத்துவரின் பாடம் என்று ஒதுக்காமல் இருந்திருந்தால், எது குறைவு, எது கூடுதல் என்ற கட்சிச் சண்டையில் இவ்வளவு காலத்தை வீணடித்திருக்காது.

இன்னொரு மறுப்பு, சராசரி முடிவு தனி நோயாளிக்கு எதையும் சொல்லாது என்பது. நாஷ்வில் ஆய்வின் தரவைக் கணினிக் கற்றலுக்கு உட்படுத்தி, எந்த நோயாளிக்கு எந்த இலக்கு நல்லது என்று கணித்து, ஆஸ்திரேலிய ஆய்வின் தரவில் சரிபார்த்ததாக 2024இல் ஒரு கட்டுரை வந்தது. மூளைக் காயம் உள்ளவர்களுக்குக் குறைவும், செப்சிஸ் உள்ளவர்களுக்குக் கூடுதலும் உதவலாம் என்பது அதன் போக்கு. கவர்ச்சியான யோசனை, ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வில் இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைவு நல்லது என்று தெரிந்த உட்பிரிவு முடிவை, பின்னர் அவர்களுக்கென்றே நடந்த ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. உட்பிரிவுகளில் தெரியும் வெளிச்சம் பல சமயம் கானல்தான். தனி நோயாளியைப் பற்றி இப்போது நிச்சயமாகச் சொல்லக்கூடியது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியைப் பற்றித்தான். 2010இல் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் நடந்த ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதத்தினரும், 88 முதல் 92க்குள் அளந்து பெற்றவர்களில் 4 சதவீதத்தினரும் இறந்தனர். அவர்களைப் பொறுத்தவரை விவாதம் முடிந்துவிட்டது.

நமக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. விரலில் மாட்டும் கருவியின் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்தார். ஒளி தோலைக் கடந்துதான் ரத்தத்தை எட்ட வேண்டும். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 1990இலேயே ஜுப்ரானும் டோபினும் எழுதியிருந்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020இல் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வு, கருவி 92 முதல் 96 காட்டும்போது தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்த தருணங்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம் என்று காட்டிய பிறகுதான் உலகம் விழித்தது. பிரிட்டனில் 90 என்ற இலக்கு கேடு செய்யவில்லை என்பதால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அதே 90ஐக் கருவியில் பார்த்துத் திருப்தியடைவது ஆபத்து. உள்ளே அது 86ஆக இருக்கலாம். நம் தோல்நிறத்துக்கு 92 முதல் 96 வரையுள்ள பட்டை பாதுகாப்பானது, அவ்வப்போது தமனி ரத்தம் எடுத்துக் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பானது என்பது என் துணிபு.

அதே சமயம், வேறுபாடு இல்லை என்ற பெரிய ஆய்வுகளின் முடிவை ஏமாற்றம் என்று பார்ப்பதும் வசதியான நாட்டின் பார்வைதான். ஏழு கனமீட்டர் கொள்ளும் ஜம்போ சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. 5 லிட்டர் ஓடினால் 23 மணி நேரம் தாங்கும். 99 காட்டும் நோயாளியை 94க்கு இறக்குவதால் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று பல்லாயிரம் பேரை வைத்து நிறுவப்பட்டிருக்கிறது என்றால், அந்தச் சிலிண்டரின் மிச்சம் பக்கத்துக் கட்டிலுக்குப் போகலாம் என்று பொருள். கோவிட் நோயாளிகளுக்கென்றே நடந்து 2024இல் வெளியான டேனிஷ் தலைமையிலான ஆய்வில், குறைந்த இலக்கு வைத்தவர்கள் உயிர்காப்புக் கருவிகள் இல்லாமல் வாழ்ந்த நாள்கள் கூடுதலாகவே இருந்தன. 2021இல் இந்த அறிவு கையில் இருந்திருந்தால் மரணங்கள் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். பற்றாக்குறை அதைவிடப் பெரிது. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

ஆகவே, செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கேஸ் ஷீட்டில் மற்ற மருந்துகளுக்கு எழுதுவதுபோல் ஆக்சிஜனுக்கும் கீழ் எல்லையோடு மேல் எல்லையையும் எழுத வேண்டும். சாச்சுரேஷன் 97ஐத் தாண்டினால் ஓட்டத்தைக் குறைக்கும் பொறுப்பும் அதிகாரமும் செவிலியருக்கு இருக்க வேண்டும். அதற்காக மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மூச்சில் போகும் விகிதம் 60 சதவீதத்தைத் தாண்டி சில மணி நேரம் நீடித்தால், குப்புறப் படுக்க வைப்பது, வென்டிலேட்டரின் அழுத்தத்தைத் திருத்துவது, சளியை எடுப்பது என்று ஆக்சிஜனைக் கூட்டாமல் அளவை நிலைநிறுத்தும் மற்ற வழிகளை முதலில் தேட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 80, 90 சதவீதம் தேவைப்படும் நோயாளி இருப்பார். அவருக்குத் தயங்காமல் கொடுக்க வேண்டும், மணிக்கு மணி குறைக்கப் பார்க்கவும் வேண்டும். ஐசியு வாசலில் நிற்கும் உறவினர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது ‘சாச்சுரேஷன் எவ்வளவு டாக்டர்?’ என்றுதான். ‘அதற்கு எத்தனை சதவீதம் ஆக்சிஜன் போகிறது?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.